காற்றுக்கு வேலி போட முடியுமா?



விடுமுறை வந்தால் போதும், நம் மணிமுத்தாறு களைகட்டிவிடும். நெல்லையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் வேன் வைத்துக்கொண்டு வருவார்கள். 118 அடி உயர அணையைப் பார்ப்பார்கள். அப்படியே மலை ஏறி அருவியில் குளிப்பார்கள். அருவிக்குப் போகிற வழியில் வனத்துறையின் சோதனைச் சாவடி இருக்கிறதல்லவா? அதைத் தாண்டினால் களக்காடு – முண்டந்துறை புலிகள் காப்பகம். 1988இல் அமைக்கப்பட்ட இதுதான் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம்.

அந்தக் காட்டுக்குள் தீ மூட்டக் கூடாது. எரிகிற எதையும் போட்டுவிட்டு வரக் கூடாது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் சொல்லுகிறது. காரணம் உங்களுக்கே தெரியும். பங்குனி, சித்திரை வெயிலில் காய்ந்து கிடக்கும் புல்லில் ஒரே ஒரு பீடித் துண்டு விழுந்தால் போதும். மலையே பற்றிக்கொள்ளும்.

சரி, இப்போது ஒரு கேள்வி. காட்டைக் காப்பாற்றச் சட்டம் இருக்கிறது, சாவடி இருக்கிறது, காவலர் இருக்கிறார். நம் நெஞ்சுக்குள்ளே இருக்கிற காட்டைக் காப்பாற்ற யார் இருக்கிறார்கள்?

"நெஞ்சுக்குள்ளே காடா?" என்று சிரிக்காதீர்கள். வாருங்கள், பார்ப்போம்.

தலைகீழ் மரம்

ஒரு மரத்தைத் தலைகீழாக நட்டதுபோல் கற்பனை செய்துகொள்ளுங்கள். அடிமரம்தான் மூச்சுக்குழல். அது இரண்டு கிளைகளாகப் பிரிந்து, ஒன்று வலது நுரையீரலுக்கும் மற்றது இடது நுரையீரலுக்கும் போகிறது. அந்தக் கிளைகள் மேலும் மேலும் பிரிந்து, நூலைவிட மெல்லிய குச்சிகளாகின்றன. குச்சிகளின் நுனியில் இலைகளைப் போல இருப்பவைதான் காற்றுப்பைகள். ஒரு மனிதரின் நுரையீரல்களில் இவை 30 கோடிக்கும் மேல் இருக்கின்றன. நாம் இழுக்கிற காற்றிலிருந்து பிராணவாயு இந்தப் பைகளின் வழியாகத்தான் இரத்தத்தில் கலக்கிறது.

கைக்கடிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நிமிடத்தில் எத்தனை முறை மூச்சு விடுகிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஓய்வாக இருக்கும் பெரியவர்களுக்கு 12 முதல் 20 முறை வரை வரும். நிமிடத்துக்கு 15 முறை என்று வைத்துக்கொண்டாலே ஒரு நாளைக்கு 21,600 மூச்சு. உங்கள் வயதில் அதைவிடக் கூடுதலாகவே வரும். கைக்குழந்தைக்கு இன்னும் வேகம். அதாவது, ஒரே இடத்தில் அப்பாவும் மகளும் நின்றாலும், தன் எடைக்கு அதிகமான காற்றை இழுப்பவள் மகள்தான். காற்று கெட்டிருந்தால் அதிகம் பாதிக்கப்படுவதும் அவள்தான்.

மூச்சுக்குழாய்களின் உட்புறத்தில் கண்ணுக்குத் தெரியாத மயிரிழைகள் இருக்கின்றன. இவைதான் அங்கே துப்புரவுப் பணியாளர்கள். தூசியையும் கிருமியையும் சளியோடு சேர்த்து மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். புகையிலைப் புகை பட்டால் இவை சோர்ந்து போய்விடும். குப்பை தேங்கும். இருமல் வரும். ஏற்கெனவே ஆஸ்துமா உள்ள பிள்ளைகளுக்குக் குழாய்கள் சுருங்கி, 'வீஸ் வீஸ்' என்று சத்தம் வரும். நம் ஊரில் இதை 'இளைப்பு' என்பார்கள். ஒரு தடவை இளைப்பு வந்த பிள்ளையைக் கேளுங்கள், காற்று எவ்வளவு விலை உயர்ந்தது என்று சொல்லும்.

புகையிலைப் புகையில் 7,000க்கும் மேற்பட்ட வேதிப்பொருள்கள் இருக்கின்றன. அவற்றில் ஏறத்தாழ 70 புற்றுநோயை உண்டாக்கக் கூடியவை. புகைப்பவர் உறிஞ்சி விடுகிற புகை ஒன்று. பீடியின், சிகரெட்டின் நுனியிலிருந்து தானாக எழும் புகை இன்னொன்று. இரண்டும் கலந்துதான் பக்கத்தில் நிற்பவர் மூக்கில் ஏறுகிறது. புகையிலையால் உலகில் ஆண்டுதோறும் 70 லட்சத்துக்கும் அதிகமானோர் இறக்கிறார்கள் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். இவர்களில் 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் தாங்கள் புகைக்காமல், அடுத்தவர் விட்ட புகையைச் சுவாசித்தவர்கள்!

வெட்டவெளிதானே, என்ன ஆகும்?

"வீட்டுக்குள்ளே, பஸ்ஸுக்குள்ளே புகைத்தால் தப்பு, சரி. வெளியில்தான் காற்று அள்ளிக்கொண்டு போய்விடுமே!" பெரியவர்கள் பலர் இப்படிச் சொல்வார்கள். நியாயமான கேள்விதான்.

அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் இதை உண்மையிலேயே அளந்து பார்த்து 2007இல் வெளியிட்டார்கள். பூங்கா இருக்கைகள், உணவகங்களின் வெளிமுற்றங்கள் போன்ற இடங்களில் கருவிகளை வைத்து, காற்றில் எவ்வளவு புகைத்துகள் இருக்கிறது என்று கணக்கெடுத்தார்கள். இரண்டு விஷயங்கள் தெரிந்தன.

முதலாவது, புகைப்பவருக்கு ஓரிரு அடி தூரத்தில், காற்று வீசும் பக்கத்தில் இருப்பவருக்குக் கிடைக்கும் புகை, அறைக்குள் இருக்கும்போது கிடைப்பதற்கு ஈடாக இருக்கக்கூடும். இரண்டாவது, சுமார் 2 மீட்டர் தள்ளிப் போய்விட்டால் அளவு மளமளவென்று குறைந்துவிடுகிறது. சிகரெட்டை அணைத்ததும் வெளியில் புகை சீக்கிரம் கலைந்தும் விடுகிறது.

ஆகவே, "வெளியில் ஒன்றும் ஆகாது" என்பதும் தவறு. "எங்கே புகைத்தாலும் ஒரே ஆபத்து" என்பதும் தவறு. தூரம்தான் கணக்கு. 2 மீட்டர் என்றால் ஆறரை அடி.

இப்போது நம் ஊரை நினைத்துப் பாருங்கள். வயல்வெளியில் ஒருவர் தனியாக நின்று புகைத்தால் உங்களுக்கும் அவருக்கும் நடுவே நூறு அடி கூட இருக்கும். ஆனால் திருவிழா நாளில் அம்பாசமுத்திரம் பேருந்து நிலையத்தில்? ஆறரை அடி இடைவெளி எங்கே கிடைக்கும்? பேருந்து நிறுத்தத்தில் மேலே கூரை, பின்னால் சுவர், முன்னால் கூட்டம். கைக்குழந்தையோடு நிற்கும் அம்மா, பையும் குடையுமாக நிற்கும் பாட்டி, இவர்கள் நகர்ந்து போனால் இடம் போய்விடும், பஸ்ஸும் போய்விடும். இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள். நின்றுகொண்டு புகைப்பவரின் தொங்கும் கை, சரியாக உங்கள் முக உயரத்தில்தான் இருக்கிறது!

எனவே திறந்தவெளி என்று பெயர் இருந்தால் போதாது. அங்கே விலகிப் போக வழி இருக்கிறதா என்பதே முக்கியம்.

பக்கத்து மாநிலத்தில் பிறந்த தீர்ப்பு

இந்த வாதம் நீதிமன்றத்துக்குப் போன கதை சுவாரசியமானது. அதுவும் நம் மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில்தான் நடந்தது.

பொது இடங்களில் பிறர் விடும் புகையை ஏன் நாங்கள் சுவாசிக்க வேண்டும் என்று கேரள உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார்கள். 1999 ஜூலை 12ஆம் தேதி தீர்ப்பு வந்தது. தீர்ப்பு வழங்கிய இரண்டு நீதிபதிகளில் ஒருவர் யார் தெரியுமா? தேவகோட்டையில் பிறந்த நம் தமிழர், நீதிபதி ஏ.ஆர். லட்சுமணன். பின்னாளில் உச்ச நீதிமன்ற நீதிபதியானவர். மற்றவர் நீதிபதி நாராயண குறுப்பு.

அரசியலமைப்புச் சட்டத்தின் 21ஆவது பிரிவு, ஒவ்வொருவருக்கும் உயிர் வாழும் உரிமை உண்டு என்கிறது. உயிர் வாழ நல்ல காற்று வேண்டாமா? ஆகவே பொது இடத்தில் புகைப்பது அந்த உரிமையைப் பறிப்பதாகும் என்றார்கள் நீதிபதிகள். பொது இடத்தில் புகைப்பதைத் தடுக்கும்படி அரசுக்கு உத்தரவும் போட்டார்கள்.

அடுத்து, 2001 நவம்பர் 2ஆம் தேதி உச்ச நீதிமன்றம் நாடு முழுவதற்குமாக ஓர் ஆணை பிறப்பித்தது. மும்பையைச் சேர்ந்த அரசியல் தலைவர் முரளி தேவ்ரா தொடர்ந்த வழக்கு அது. மருத்துவமனை, பள்ளி, நூலகம், நீதிமன்றம், அரசு அலுவலகம், பேருந்து, ரயில் ஆகியவற்றில் புகைக்கத் தடை வந்தது. தமிழ்நாடும் 2002இல் புகைபிடித்தல், எச்சில் துப்புதல் தடைச் சட்டத்தை இயற்றியது. 2003இல் நாடாளுமன்றமே சிகரெட் மற்றும் பிற புகையிலைப் பொருள்கள் சட்டத்தை நிறைவேற்றியது.

ஒரு சின்ன ஓட்டை!

சட்டத்தை வாசிப்பதும் தமிழ் இலக்கணம் படிப்பதுபோலத்தான். ஒரு சொல் மாறினால் பொருளே மாறிவிடும்.

2003 சட்டம் 'பொது இடம்' என்பதற்கு ஒரு பட்டியல் கொடுத்தது. மருத்துவமனை, உணவகம், ரயில்வே காத்திருப்பு அறை, பள்ளி, நூலகம், பேருந்து என்று எல்லாம் சொல்லிவிட்டு, கடைசியில் 'திறந்தவெளி இதில் சேராது' என்றது. பார்த்தீர்களா? பேருந்துக்குள் தடை. ஆனால் அந்தப் பேருந்துக்காகக் காத்து நிற்கிற இடம், கூரை இல்லாத நடைமேடை, விளையாட்டு அரங்கம்? அவையெல்லாம் திறந்தவெளி என்று சொல்லி ஒருவர் தப்பித்துவிடலாம் அல்லவா?

இந்த ஓட்டையை அடைத்தது 2008இல் வந்த விதிகள். அவை காந்தி ஜெயந்தியான அக்டோபர் 2ஆம் தேதி நடைமுறைக்கு வந்தன. அப்போது மத்திய சுகாதாரத் துறை அமைச்சராக இருந்தவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த மருத்துவர் அன்புமணி ராமதாஸ். பொதுமக்கள் வந்து கூடும் திறந்தவெளி அரங்கம், விளையாட்டு மைதானம், ரயில் நிலையம், பேருந்து நிலையம், பேருந்து நிறுத்தம் போன்ற இடங்களைத் 'திறந்தவெளி' என்று சொல்லி ஒதுக்கக் கூடாது என்று அந்த விதிகள் தெளிவாக்கின.

உணவகம் என்பதற்கும் விளக்கம் கொடுத்தார்கள். காசு கொடுத்து உட்கார்ந்து சாப்பிடும், குடிக்கும் இடம் எல்லாமே உணவகம். அதைச் சுற்றியுள்ள திறந்த இடமும் அதில் சேர்த்தி. அப்படியானால் நம் ஊர் டீக்கடையும் அதன் முன்னால் போட்டிருக்கும் பெஞ்சும்? ஆம், அவையும்தான்! பொது இடத்தில் சாம்பல் கிண்ணம், தீப்பெட்டி, லைட்டர் போன்று புகைப்பதற்கு உதவும் எதையும் வைக்கக் கூடாது. பெட்டிக்கடைத் தூணில் முனையில் கங்குடன் ஒரு கயிறு தொங்குமே, அதன் வேலையும் அதுதானே? 30 அறைகளுக்குக் குறையாத விடுதி, 30 இருக்கைகளுக்குக் குறையாத உணவகம், விமான நிலையம் ஆகியவற்றில் மட்டும் புகைப்பதற்குத் தனி இடம் ஒதுக்கிக்கொள்ளலாம்.

மீறினால் 200 ரூபாய் வரை அபராதம். அபராதம் போடும் அதிகாரம் காவல்துறைக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். ரயில் நிலைய அதிகாரிக்கும், பள்ளித் தலைமையாசிரியருக்கும்கூட அவரவர் இடத்தில் உண்டு!

ஆனால் அணைப் பூங்கா? அருவிக்கரை? தாமிரபரணிப் படித்துறை? விதியில் இவற்றின் பெயர் நேரடியாக இல்லை. 'இது போன்ற பிற இடங்கள்' என்ற சொற்களுக்குள் இவை வருமா, வராதா? வக்கீல்கள் இரு பக்கமும் வாதாடலாம். உங்கள் வகுப்பிலேயே இதை ஒரு பட்டிமன்றமாக நடத்திப் பாருங்களேன்!

மற்ற நாடுகளில் எப்படி?

நம் தமிழர்கள் நிறைய பேர் வாழும் சிங்கப்பூரில் 1970இலேயே பேருந்துகளிலும் திரையரங்குகளிலும் புகைக்கத் தடை வந்துவிட்டது. 2019 ஜனவரி முதல், கடைகள் நிறைந்த ஆர்ச்சர்ட் சாலைப் பகுதியில் வெளியிலும் புகைக்க முடியாது. அதற்கென்று குறித்த இடங்களில் மட்டும்தான் புகைக்கலாம்.

ஜப்பான் தலைநகர் டோக்கியோவின் சியோடா பகுதியில் 2002 முதல் தெருவில் நடந்துகொண்டே புகைத்தால் அபராதம். நியூயார்க் நகரம் 2011 மே மாதத்தில் பூங்காக்களிலும் கடற்கரைகளிலும் தடை போட்டது. பிரான்ஸ் 2025ஆம் ஆண்டின் நடுவில் பூங்கா, கடற்கரை, பேருந்து நிழற்குடை, பள்ளிக்கு அருகில் உள்ள இடங்கள் எல்லாவற்றையும் சேர்த்தது. அங்கே அபராதம் 135 யூரோ. நம் பணத்தில் பல ஆயிரம் ரூபாய்!

நம் நாட்டில் சண்டிகர் 2007இல் புகையில்லா நகரம் என்று அறிவிக்கப்பட்டது. ஹிமாசலப் பிரதேசம் 2013இல் புகையில்லா மாநிலமாக அறிவிக்கப்பட்டது.

சட்டத்தால் பலன் உண்டா? ஸ்காட்லாந்தைப் பாருங்கள். 2006 மார்ச்சில் அங்கே கூரையுள்ள பொது இடங்களில் புகைக்கத் தடை வந்தது. அதற்கு முன்பு ஆஸ்துமாவால் மருத்துவமனையில் சேரும் குழந்தைகளின் எண்ணிக்கை ஆண்டுக்குச் சுமார் 5 சதவீதம் ஏறிக்கொண்டிருந்தது. தடைக்குப் பிறகு அது ஆண்டுக்குச் சுமார் 18 சதவீதம் இறங்கியது. ஒரு மருந்துகூடப் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. பெரியவர்கள் எழுந்து வெளியே போனார்கள், அவ்வளவுதான்!

இந்தியாவில் 2009-10இல் எடுத்த கணக்கெடுப்பில் பெரியவர்களில் 34.6 சதவீதம் பேர் ஏதோ ஒரு வகையில் புகையிலையைப் பயன்படுத்தினார்கள். 2016-17இல் அது 28.6 சதவீதமாகக் குறைந்தது. குறைந்திருக்கிறது, ஆனாலும் இன்னும் நூற்றுக்கு இருபத்தெட்டுப் பேருக்கு மேல்!

ஒரு மாணவியின் கேள்வி

இங்கே ஒன்றை மறைக்காமல் பேசியாக வேண்டும். நான் ஆசிரியராக இருந்தபோது வகுப்பில் புகையிலையின் தீமைகளைப் பற்றிப் பாடம் நடத்தினேன். எல்லாப் பிள்ளைகளும் தலையாட்டினார்கள். பின் வரிசையிலிருந்து ஒரு மாணவி மட்டும் எழுந்தாள்.

"சார், பீடி கெடுதல்னா, எங்கம்மா ஏன் சார் அதைச் சுத்துறாங்க? அந்தக் காசுலதானே எனக்கு நோட்டு வாங்கித் தர்றாங்க?"

வகுப்பு அமைதியாகிவிட்டது. அந்த வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் பீடிச் சுளவு இருந்தது.

நம் பகுதியைப் பற்றித் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். முக்கூடல், கல்லிடைக்குறிச்சி, விக்கிரமசிங்கபுரம், கடையம், ஆலங்குளம், மேலப்பாளையம் என்று எங்கே போனாலும் திண்ணையில் பெண்கள் மடியில் சுளவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். வட நாட்டிலிருந்து வரும் பீடி இலையை நனைத்து, அளவாக வெட்டி, தூளை வைத்துச் சுருட்டி, நூலால் கட்டுவார்கள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. நாடு முழுவதும் சுமார் 50 லட்சம் பேருக்கு இதுதான் பிழைப்பு. பெரும்பாலோர் பெண்கள்.

அந்த மாணவிக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். உங்கள் அம்மா செய்வது உழைப்பு. குனிந்த முதுகோடு, அந்தத் தூளைத் தாங்களும் சுவாசித்துக்கொண்டு, பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார்கள். அதற்காக நீங்கள் ஒரு நாளும் வெட்கப்படக் கூடாது. பொது இடத்தில் புகைக்கத் தடை என்பது அம்மாவின் வேலைக்குத் தடை அல்ல. பீடியை விற்காதே என்று இந்தச் சட்டம் சொல்லவில்லை. பிறர் மூக்குக்குப் பக்கத்தில் பற்ற வைக்காதே என்றுதான் சொல்கிறது.

ஆனால் உண்மையை முழுவதுமாகச் சொல்ல வேண்டும். புகைப்பவர்கள் குறையக் குறைய, பீடி விற்பனையும் குறையும். சுற்றுகிறவர்களுக்கு வேலையும் குறையும். அப்போது அவர்கள் என்ன செய்வார்கள்? இதை உலக நாடுகளும் யோசித்திருக்கின்றன. இந்தியா 2004இல் ஏற்றுக்கொண்ட உலகச் சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையில் 17ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. புகையிலை பயிரிடுவோருக்கும் அத்தொழிலில் உள்ள தொழிலாளர்களுக்கும் பிழைப்பதற்கேற்ற மாற்றுத் தொழிலுக்கு நாடுகள் வழிசெய்ய வேண்டும் என்கிறது அது. அதே உடன்படிக்கையின் 8ஆவது பிரிவுதான் பொது இடங்களில் மக்களைப் புகையிலிருந்து காப்பாற்றச் சொல்கிறது. 8ஐ மட்டும் படித்துவிட்டு 17ஐ மறந்துவிடக் கூடாது. தடை போடுகிற அரசு, தையலோ வேறு தொழிலோ கற்றுத் தந்து, அதற்குச் சந்தையும் காட்ட வேண்டும். பேருந்து நிலையத்தில் நிற்கிற குழந்தையின் மூச்சும் முக்கியம். திண்ணையில் உட்கார்ந்திருக்கும் தாயின் சோறும் முக்கியம்.

இன்னொன்று. 14 வயதுக்குட்பட்டவர்களைப் பீடி சுற்றும் தொழிலில் அமர்த்துவதை 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டமே தடை செய்தது. சுளவு அம்மா மடியில் இருக்கட்டும். உங்கள் மடியில் புத்தகம்தான் இருக்க வேண்டும்.

"நான் புகைப்பது என் உரிமை இல்லையா?"

இப்படிக் கேட்பவர்களும் உண்டு. அவர் வீட்டுத் தோட்டத்தில், யாரும் இல்லாத இடத்தில் புகைத்தால் இந்தச் சட்டம் அவரைத் தேடிப் போவதில்லை. கையை வீசி நடக்க எல்லோருக்கும் உரிமை உண்டு. ஆனால் பக்கத்தில் வருபவர் மூக்கில் படாத அளவுக்குத்தானே வீச வேண்டும்? புகையும் அப்படித்தான்.

அதே சமயம், புகைப்பவர்களைக் கெட்டவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் தாத்தா புகைக்கலாம்; மாமா புகைக்கலாம். நம் மேல் உயிரையே வைத்திருப்பார்கள். புகையிலையில் நிகோடின் என்று ஒன்று இருக்கிறது. அது மூளையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். விடவேண்டும் என்று நினைத்தாலும் லேசில் விடாது. அவர்களுக்குத் தேவை திட்டு அல்ல, துணை. விட நினைப்பவர்களுக்கு உதவ மத்திய அரசின் கட்டணமில்லாத் தொலைபேசி எண் ஒன்று இருக்கிறது: 1800 112 356. ஒரு சீட்டில் எழுதி, தாத்தாவின் கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்துவிடுங்கள்.

ஆறும் கேட்கிறது

பீடித் துண்டு காட்டைச் சுடும். சிகரெட் துண்டு ஆற்றைக் கெடுக்கும். சிகரெட்டின் அடியில் பஞ்சுபோல் இருக்கிறதே, அது உண்மையில் பஞ்சு அல்ல. செல்லுலோஸ் அசிடேட் என்ற ஒரு வகைப் பிளாஸ்டிக். எளிதில் மக்காது. புகைத்து எறிந்த ஒரு துண்டை ஒரு லிட்டர் தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரில் மீன்களை விட்டுப் பார்த்தார்கள் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள். நான்கு நாள்களில் பாதி மீன்கள் செத்துப்போயின. மணிமுத்தாற்றில் எறிந்தது தாமிரபரணியில் சேரும். தாமிரபரணித் தண்ணீரைத்தான் நெல்லையும் தூத்துக்குடியும் குடிக்கின்றன. அருவிக்கரையில் புகைக்கக் கூடாது என்பதற்கு இது இன்னொரு காரணம் அல்லவா?

நீங்கள் என்ன செய்யலாம்?

* பொது இடத்தில் யாராவது புகைத்தால் சண்டைக்குப் போகாதீர்கள். முதலில் ஆறரை அடி தள்ளி நில்லுங்கள், காற்று வரும் பக்கமாக. தம்பி தங்கையையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

* உடன் வந்த பெரியவர்களிடம் சொல்லுங்கள். "அண்ணாச்சி, பாப்பாவுக்கு இளைப்பு இருக்கு. கொஞ்சம் அந்தப் பக்கம் போறீங்களா?" என்று அவர்கள் பணிவாகக் கேட்டால், நம் ஊரில் மறுப்பவர்கள் குறைவு. பேருந்து என்றால் நடத்துநரிடம் சொல்லுங்கள்.

* "கடைக்குப் போய் ஒரு கட்டு பீடி வாங்கிட்டு வா" என்று யார் அனுப்பினாலும், "சட்டப்படி எனக்குத் தர மாட்டாங்க" என்று சொல்லுங்கள். 18 வயது நிரம்பாதவர்களுக்குப் புகையிலைப் பொருள் விற்பது குற்றம். பள்ளியிலிருந்து 100 கஜத்துக்குள் விற்பதும் குற்றம். குழந்தைகளுக்குப் புகையிலை கொடுப்பவர்களுக்கு 7 ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் இடம் கொடுக்கிறது.

* 'புகை வராது, வெறும் ஆவிதான்' என்று மின் சிகரெட்டைக் காட்டி யாராவது ஆசை காட்டினால் ஏமாறாதீர்கள். அதன் விற்பனையே 2019 முதல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டிருக்கிறது.

கடைசியாக ஒரு வீட்டுப்பாடம்!

ஓர் அளவுகோலை எடுத்துக்கொள்ளுங்கள். பெரியவர் ஒருவர் துணையோடு உங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்துக்குப் போங்கள். 2008 விதிப்படி, பொது இடத்தின் ஒவ்வொரு நுழைவாயிலிலும் 'இங்கு புகைபிடித்தல் குற்றம்' என்ற பலகை இருக்க வேண்டும். அளவு குறைந்தது 60 சென்டிமீட்டருக்கு 30 சென்டிமீட்டர். யாரிடம் புகார் செய்வது என்ற விவரமும் எழுதியிருக்க வேண்டும். புகார் வந்தும் பொறுப்பாளர் கண்டுகொள்ளாவிட்டால் அவருக்கும் அபராதம் உண்டு.

பலகை இருக்கிறதா? அளவு சரியா? எழுத்து வாசிக்கிற மாதிரி இருக்கிறதா, அல்லது சினிமா போஸ்டர் மூடியிருக்கிறதா? குறித்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால், உங்கள் பேரூராட்சிச் செயல் அலுவலருக்கு, தலைமையாசிரியர் வழியாக, வகுப்பில் எல்லோரும் கையெழுத்திட்டு ஒரு கடிதம் எழுதுங்கள். கடிதம் எழுதுவது எப்படி என்று தமிழ்ப் பாடத்தில் படித்திருக்கிறீர்களே, அனுப்புநர், பெறுநர், பொருள்! மதிப்பெண்ணுக்காக எழுதிப் பழகியதை ஒரு தடவை மூச்சுக்காக எழுதுங்கள்.

காற்றுக்கு வேலி போட முடியாதுதான். ஆனால் நெருப்பை எங்கே பற்ற வைப்பது என்பதற்குப் போடலாம். அந்த வேலியின் முதல் முளைக்குச்சியை உங்கள் கடிதம் ஊன்றட்டும்.

செய்வீர்கள்தானே?